ஏழு மணித் தண்ணீர்

போன மாதம் செல்வி போன் செய்தாள். நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பூங்கா. காவல், தோட்ட வேலை, பெருக்குவது எல்லாம் ஒரே ஆள்தான். எந்தப் பூங்கா என்று எழுதப் போவதில்லை. ஒரு சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல், தண்ணீர் வராத ஒரு நீரூற்று, எட்டு சிமெண்ட் பெஞ்சுகள். அந்தப் பக்கத்தில் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் இதுதான் இருக்கும்.

"யக்கா, நம்ம பூங்காவ மறுபடியும் பரிசுக்கு எழுதிக் குடுத்துக்கிறாங்க. ஆபீஸ்ல உன் போட்டோ மாட்டிக்கீது இல்ல, தண்ணி ஓஸ் புடிச்சிக்கினு நிக்கிறியே, அதுல அந்தப் புங்க மரத்தாண்ட புல்லு பச்சப் பசேல்னு கீது. இப்ப அங்க ஒரே கட்டாந்தரை. நீ இன்னா ஒரம் போட்ட?"

"ஒரம்லாம் இல்லடி. தண்ணிதான். தெனம் காலைல ஏழு மணிக்குத் தண்ணி வுட்டேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

போனை வைத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியை விழுங்கிவிட்டேன். மீதிப் பாதி இன்றுவரை செரிக்கவில்லை. அதனால்தான் என் மகளின் பழைய நோட்டில் இதை எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் பேரூராட்சியில் குடிநீர் வால்வு திறக்கிற வேலையில் இருந்தார். காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். முதல் எட்டு வருஷம் குப்பைக் கிடங்கு. புகை, நாய், ஈ, வெயில். வீட்டுக்குப் போய் எத்தனை சொம்பு ஊற்றிக் குளித்தாலும் மகள் என் மடியில் படுக்கமாட்டாள், "நாத்தம்மா" என்பாள். அந்த எட்டு வருஷத்தைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. அங்கிருந்து பூங்காவுக்கு மாற்றினார்கள். முதல் நாள் மரத்தடியில் நின்று காற்றை இழுத்து இழுத்து மூச்சு வாங்கினேன். பைத்தியம் என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

வாசலில் பெரிய பலகை. 'அனுமதி இலவசம்' என்று மேலே. கீழே பூப்பறிக்கக் கூடாது, பந்து விளையாடக் கூடாது, சாப்பிடக் கூடாது, படுக்கக் கூடாது என்று வரிசையாகக் கூடாதுகள். இலவசம் ஒரு வரி, கூடாது பதினொரு வரி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எனக்கே முதல் நாள் அது சிரிப்பாக இருந்தது. பிறகு அந்தப் பதினொரு வரிதான் என் வேலை என்று புரிந்தது.

அந்த ஊரில் சும்மா போய் உட்கார வேறு இடம் ஏது? திருவள்ளூர்ப் பக்கம் என்றால் கோயில் குளம் என்று ஏதாவது இருக்கும். எங்கள் திருப்பாச்சூர்க் கோயிலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். சோழவரத்தில் ஏரிக்கரை இருக்கிறது. இங்கே எங்கே பார்த்தாலும் காம்பவுண்டுச் சுவரும், கேட்டும், வாட்ச்மேனும்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்பெனிப் பிள்ளைகள் சட்டை போட்டு, தலை சீவி, அந்தக் காய்ந்த நீரூற்றின் முன்னால் நின்று போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். போட்டோவில் பார்க்கிற அம்மாக்கள் பிள்ளை பெரிய நகரத்தில் இருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

காலை ஐந்துக்குத் திறந்து பத்துக்குப் பூட்டவேண்டும். சாயங்காலம் நாலுக்குத் திறந்து எட்டுக்குப் பூட்டவேண்டும். பூட்டுவதற்கு முன் மூன்று விசில். முதல் விசிலுக்கு எழுந்திருக்கவேண்டும், இரண்டாவதற்குச் செருப்பு மாட்டவேண்டும், மூன்றாவதற்கு வாசலைத் தாண்டியிருக்கவேண்டும். பிறகு இடது கைப்பக்கமாக ஒரு சுற்று. சறுக்குமரத்துக்கு அடியில், மோட்டார் ரூமுக்குப் பின்னால், கழிப்பறைக் கதவுக்குப் பின்னால், செம்பருத்திப் புதருக்குள் குனிந்து பார்க்கவேண்டும். பூட்டைப் போட்டபின் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கவேண்டும். நோட்டில் 'பூங்கா காலி' என்று எழுதி மணியைப் போட்டுக் கையெழுத்து. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் துப்புரவு ஆய்வாளர்.

அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. வெயில் இல்லாவிட்டாலும் கையில் குடை. புல்லின் மேல் கால் வைக்கமாட்டார், ஓரக்கல்லின் மேலேயே நடப்பார். எங்களை எல்லாம் "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். ஏதாவது சொல்வதற்கு முன் சட்டைப்பையில் இருக்கிற பேனாவின் மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டுவார். அந்தச் சத்தம் கேட்டாலே கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பேன். கத்துகிற அதிகாரியிடம் திருப்பிக் கத்திவிடலாம், எனக்கு அதற்கு வாய் உண்டு. இவரிடம் முடியாது.

பூங்காவுக்குக் காலையில் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஐந்தரைக்கு நடக்கிறவர்கள் வருவார்கள். கடை வைத்திருப்பவர்கள், ரிட்டையர் ஆனவர்கள், சர்க்கரைக்காரர்கள். ஆறரைக்கு நைட் ஷிப்ட் முடித்த ஆட்கள் வருவார்கள். வந்த வேகத்தில் பெஞ்சிலோ புல்லிலோ விழுந்து தூங்கிவிடுவார்கள். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கால் பெஞ்சுக்கு வெளியே தொங்க, பதினைந்து இருபது பேர். நடக்கிறவர்களுக்கு இது பிடிக்கவில்லை. பொணத்துக்கு நடுவே நடப்பது போல இருக்கிறது என்று எழுதி, நாற்பது கையெழுத்துப் போட்டு ஆபீஸில் கொடுத்துவிட்டார்கள்.

ஆய்வாளர் வந்தார். பேனா மூடியைக் கழற்றி மாட்டினார்.

"எழுப்பி வுட்டா சண்டைக்கு வர்றானுங்க சார்" என்றேன்.

"எழுப்பாதீங்கம்மா. திட்டவும் வேணாம். அவங்களும் மனுஷங்கதானே. நீங்க பாட்டுக்குப் புல்லுக்குத் தண்ணி வுடுங்க. காலைல ஏழு மணிக்கு. பெஞ்சையும் கழுவி வுடுங்க, சுத்தமா இருக்கும். தண்ணி வுட்றது நம்ம டூட்டி. அத யாரும் தப்பு சொல்ல முடியாது."

ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் சொன்னார். எனக்கு உடனே புரிந்தது. உண்மையைச் சொல்லவேண்டும், என்ன மூளை இந்த மனுஷனுக்கு என்று வியந்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கு மோட்டாரைப் போட்டு ஓஸைப் பிடித்தேன். நேராக ஆள் மேல் அடிக்கமாட்டேன். தலைமாட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளித் தண்ணீரை விடுவேன். அது புல்லுக்குள் ஊர்ந்து போய் முதுகைத் தொடும். ஆள் திடுக்கிட்டு எழுவான். "ஈரம்பா, எழுந்துரு" என்பேன், ஏதோ அவனுக்கு நல்லது சொல்வது மாதிரி. அவனும் நனைந்த சட்டையைப் பிடித்துக்கொண்டு, "சாரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போவான். என்னிடம் மன்னிப்பு வேறு! ஒரு வாரத்தில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். நடக்கிறவர்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் அந்த டீயைச் சந்தோஷமாகத்தான் குடித்தேன்.

வருவதை நிறுத்தாத ஒருவர் ஏழுமலை. செய்யாறு பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். தகடு அடிக்கிற கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை, எப்போதும் நைட் ஷிப்ட். தண்ணீர் வந்ததும் எழுந்து சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு காய்ந்த இடமாகப் பார்த்து நகர்வார். அங்கேயும் தண்ணீர் வந்தால் இன்னொரு இடம். ஒருநாள் ஓஸ் முறுக்கிக்கொண்டு தண்ணீர் நின்றுவிட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, முறுக்கை எடுத்துவிட்டு, ஓஸை என் கையில் கொடுத்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"உன்ன எழுப்பத்தான்யா வுடுறேன். நீயே வந்து சரி பண்ணிக் குடுக்கிற?"

"தெரியும்க்கா. நீ இன்னா பண்ணுவ, உன் வேல அது."

"ஊட்ல போய்ப் படுக்கிறதுதானே?"

அவர் சொன்னார். புதுவாயலில் கடைகளுக்குப் பின்னால் ஒரு ரூம். ஏழு பேர், மூன்று பாய்.

"என் பாயில செகண்டு ஷிப்டுக்காரன் படுத்துக்கினு இருப்பான்க்கா. ராத்திரி வந்து ஆக்கித் துன்னுட்டுப் படுக்கிறவன், பதினோரு மணிக்குத்தான் எழுந்திருப்பான். அவன எழுப்பினா அவன் தூக்கம் கெடும். அதுக்கப்புறம் நான் படுத்தா மேல தகர சீட்டு, அடுப்பு மாதிரி காயும். இங்கதான்க்கா எனக்குத் தூக்கமே. ஒரு மூலைய மட்டும் வுட்டுடேன். யார் கண்ணுலயும் படாம படுத்துக்கிறேன்."

மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு புங்கமரம் உண்டு. நடக்கிறவர்கள் போகிற பாதையிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்த மூலைக்கு மட்டும் தண்ணீர் விடாமல் இருந்தேன். பெரிய கருணை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓஸ் அதுவரை எட்டாது என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

இரண்டு மாதம் அப்படி ஓடியது. சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்வார். கேரியரைக் கைக்குள் அணைத்துக்கொள்வார். பத்து மணிக்கு முதல் விசிலுக்கே எழுந்து, படுத்த இடத்தில் விழுந்திருக்கிற சருகைக் கையால் வாரிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போவார். முகத்தில் களை வந்திருந்தது. பெண் பிள்ளை மூன்றாவது படிக்கிறாள் என்று போனில் போட்டோ காட்டினார். "தூக்கம் இருந்தா வேல பேஜாரே இல்லக்கா" என்று ஒருநாள் சொன்னார்.

பிறகு பரிசு என்று ஒன்று வந்தது. சிறந்த பூங்காவுக்குக் கேடயமாம். பார்வையிட ஆட்கள் வருகிறார்களாம். அதற்கு மூன்று வாரம் முன்னால் ஆய்வாளர் ஒரு மத்தியானம், பூங்கா பூட்டியிருக்கிற நேரத்தில், என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். ஒவ்வொரு இடமாகக் குனிந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையால் தரையைத் தொட்டார். மோட்டார் ரூமுக்குப் பின்னாலும் போனார். புங்கமரத்தடியில் புல் இல்லை. ஒரு ஆள் நீளத்துக்கு, ஒரு ஆள் அகலத்துக்கு மண் வழவழவென்று இருந்தது.

அங்கேயும் புறங்கையை வைத்துப் பார்த்தார். பேனா மூடி சத்தம் கேட்டது.

"இங்க மட்டும் ஏன்மா காஞ்சிருக்கு?"

"ஓஸ் எட்டல சார்."

அவர் மோட்டார் ரூமைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். பத்தடி இருக்கும். என்னைப் பார்க்கவே இல்லை.

"கெடங்குல ஆள் பத்தலன்னு கேட்டுக்கினே இருக்காங்க. நான்தான் உங்கள இங்க வச்சிருக்கேன். மூணு வாரத்துல இங்க புல்லு வரணும்மா."

அவ்வளவுதான் சொன்னார். குடையை விரித்துக்கொண்டு ஓரக்கல்லின் மேலேயே நடந்து போய்விட்டார். என் மகள் அப்போது பிளஸ் டூ. 'நாத்தம்மா' என்று அவள் சொன்னது காதில் அப்படியே இருந்தது. நான் யோசித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவே இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே அந்த மண்ணைக் கொத்திவிட்டு, நீரூற்றுப் பக்கத்திலிருந்து புல்லை மண்ணோடு கரணையாகப் பெயர்த்து வந்து நட்டேன்.

மறுநாள் ஆறேகாலுக்கே அந்த மூலையில் தண்ணீர் விட்டுவிட்டேன், ஏழுமலை வருவதற்குள். கேரியரோடு வந்தவர் சேற்றைப் பார்த்தார். புதுப் புல்லைப் பார்த்தார். நான் ஓஸோடு ரோஜாச் செடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு வார்த்தை, "மேல இடத்துல சொல்லிட்டாங்க ஏழுமல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எல்லோரிடமும் வாயாடுகிற வாய்!

அவர் திரும்பி நடந்தார். வெளியே போய்ப் பூங்காச் சுவரில் சாய்ந்து ரோட்டோரம் உட்கார்ந்தார். லாரி போகிற ரோடு. முட்டிக்காலைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்ப்பார், ஹாரன் அடித்தால் நிமிர்வார், மறுபடி சாய்ப்பார். சுவருக்கு உள்ளே நான், வெளியே அவர். கேட்டில் நின்று பார்த்தால் தெரியும். ஒன்பது நாள் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் கண் உள்ளே உள்ளே போனது. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ என் நாஷ்டாவில் இரண்டு இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்கு வேண்டியது இட்லி இல்லை என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டார்.

பத்தாவது நாள் வரவில்லை. பதினோராவது நாளும் வரவில்லை. அப்புறம் அவர் ரூமில் இருக்கிற ஒரு பையன் பூங்கா வாசலில் வந்து நின்று சொன்னான்.

"ஏழுமல அண்ணனுக்கு மிஷின்ல கை மாட்டிக்கிச்சு. ரைட் கை. நாலு வெரல் போச்சு. நின்னுக்கினே தூங்கிட்டாருன்னு சொல்றாங்க. அவரு அஜாக்கிரதைன்னு எழுதி வாங்கிட்டாங்க."

அஜாக்கிரதை என்று யாருடையதை எழுதினார்களோ. கம்பெனிக்கு ஆயிரம் பொறுப்பு இருக்கிறது, காண்ட்ராக்டருக்கு இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆள் எங்கே தூங்கினார், எப்போதிலிருந்து தூங்கவில்லை, யார் கையில் ஓஸ் இருந்தது என்பது எனக்கு ஒருத்திக்குத்தான் முழுசாகத் தெரியும்.

புல் நன்றாகப் பிடித்தது. தினமும் தண்ணீர் விட்டு, ஆள் படுக்காமல் இருந்தால் ஏன் பிடிக்காது? பார்வையிட வந்தவர்கள் அந்த மூலையில்தான் ரொம்ப நேரம் நின்றார்கள். பூங்காவிலேயே இதுதான் அழகான இடம் என்றார்கள். கேடயம் கிடைத்தது. "உழைச்சவங்க அவங்கதான், அவங்களை நிக்க வச்சு எடுங்க" என்று ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டு, புங்கமரத்தடியில், கையில் ஓஸோடு நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கமுடியாத விஷயம். எங்கள் இரண்டு பேரில் யாரும் கெட்டவர் இல்லை.

ஊருக்குப் போவதற்கு முன் ஏழுமலை ஒரு தடவை வந்தார். காலை எட்டு மணி இருக்கும். வலது கையில் பெரிய கட்டு, இடது கையில் பை. நேராக அந்த மூலைக்குப் போய் நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

"நல்லா வந்துக்கீதுக்கா புல்லு. ஒரம் போட்டியா?"

"இல்லப்பா. தண்ணிதான்."

"ம். தண்ணிதான்."

பையைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் புல்லைத் தடவிப் பார்த்தார்.

"இப்ப ரூம்ல பாயி காலியாத்தான் கீது. எனக்குன்னு ஒண்ண வுட்டுக் குடுத்துட்டானுங்க பசங்க. ஆனா தூக்கம் வர்ல பாரு" என்று சிரித்தார். பிறகு பையைத் தோளில் மாட்டப் பார்த்தார், ஒற்றைக் கையால் முடியவில்லை. நான் மாட்டிவிட்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் "உன் வேல அது" என்றுதான் சொல்லியிருப்பார், அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். பதினோரு வருஷமும் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் விட்டேன். நிறுத்தவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நிறுத்தாமல் இருக்க வெட்கப்படவில்லை.

செல்வி போன் செய்து பத்து நாள் கழித்து, ரிட்டையர் ஆனதும் திரும்பி வந்துவிட்ட திருப்பாச்சூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, பெரியபாளையத்தில் மாறி, நானே நேரில் போனேன். முழுவதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். போய்ச் சேர ஏழரை ஆகிவிட்டது. பூங்காச் சுவருக்கு வெளியே நாலைந்து பேர் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹிந்திக்காரப் பிள்ளைகள், நம் பிள்ளைகள், எல்லார் பக்கத்திலும் கேரியர். சட்டை நனைந்திருந்தது.

உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. செல்வி ஓஸோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாக்கா! பாரு, நீ சொன்ன மாதிரியே ஏழு மணிக்கு வுடுறேன். ஒரே வாரத்துல தூங்கு மூஞ்சிங்க தொல்லையும் வுட்டுச்சு. சார் என்ன ரொம்ப மெச்சிக்கினாரு."

நான் சொன்னேன். ஏழுமலையைச் சொன்னேன், மூன்று பாயைச் சொன்னேன், நாலு விரலைச் சொன்னேன். அவள் ஓஸைக் கீழே போடாமல், தண்ணீரை ஒரு பக்கமாகத் திருப்பிப் பிடித்தபடி கேட்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வந்தது. நல்ல பெண்.

"பாவம்தான்க்கா" என்றாள். "ஆனா நான் நிறுத்தினா என்னக் கெடங்குக்குத் தூக்கிப் போட்டுருவாங்க. எம்புள்ள இப்பத்தான் பள்ளிக்கூடம் போவுது. நீ ரிட்டையர் ஆயிட்ட, சொல்லலாம்."

திரும்பி நடக்கப் பார்த்தேன். கால் வலித்தது. பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதுதான் கழுவி விட்டிருந்தாள்போல. சேலையைத் தாண்டிச் சில்லென்று தொடையில் ஏறியது. அத்தனை வருஷம் அந்தப் பெஞ்சுகளை நனைத்தவள், நனைந்த பெஞ்சில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

செல்வி ஓடி வந்து என் தோளைத் தொட்டாள்.

"ஈரம்க்கா, எழுந்துரு" என்றாள்.